பிசியோ அறையில் நான் சொல்லாமல் விட்டது

அக்கா,

இன்று காலை அலமாரியின் கீழ்த்தட்டைத் துடைத்தபோது அந்தச் சிவப்பு ரப்பர் பட்டை கையில் தட்டுப்பட்டது. ஒரு முனையைக் கதவுக் கைப்பிடியில் கட்டி, மறு முனையைப் பலமில்லாத கையால் இழுத்துப் பழக வேண்டும் என்று பிசியோ கொடுத்தது. சுருட்டி வைத்து ஓர் ஆண்டுக்கு மேலாகிவிட்டதால் தன்னோடு தானே ஒட்டிக்கொண்டு கிடந்தது. பிரித்தபோது அந்த வாடை வந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். தரையிலிருந்து எழுந்திருக்க எனக்கு இன்னும் ஒரு நாற்காலி வேண்டும் என்பது உட்கார்ந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விட்டார்கள். தவழ்ந்து போய் நாற்காலியைப் பிடித்து எழுந்தேன். எழுந்த கையோடு இதை எழுதுகிறேன்.

அந்த வாடையைப் பற்றித்தான் நீங்கள் என்னிடம் முதன்முதலாகப் பேசினீர்கள். ஈப்போவில் ஒரு கடைவீட்டின் கீழ்த்தளம். சுவரோரமாக ஐந்தாறு மெத்தைகள், பிடித்துக்கொண்டு நடக்க இரண்டு கம்பிகள், ஆளுயரக் கண்ணாடி ஒன்று. பக்கவாதம் வந்தவர்கள் செவ்வாயும் வியாழனும் அங்கே வந்து, கையையும் காலையும் திரும்பப் பழக்கிக்கொள்வோம். எனக்கு இடப்பக்கம் விழுந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. முப்பது வருடம் அரசாங்க அலுவலகத்தில் கோப்பு பார்த்தவள் என்ற நினைப்பு அப்போதும் போகவில்லை. தேய்த்த சட்டை, கைப்பை, பிசியோவோடு ஆங்கிலம். நீங்கள் பக்கத்து மெத்தையில் உட்கார்ந்து, வலது கையை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பிறகு பட்டையை இடது கையால் எடுத்து முகர்ந்து முகத்தைச் சுளித்தீர்கள்.

“என்னங்க மேடம் இது, ஒட்டுப்பால் நாத்தம் அடிக்குது! இருவது வருசம் ரப்பர் தோட்டத்துல, பால்மரத்தடியில இந்த நாத்தத்தோட கெடந்தேன். தோட்டத்த அழிச்சி செம்பன போட்டாங்க, செமோருக்கு வந்துட்டேன். இங்கயும் தொரத்திக்கிட்டு வந்துருச்சு பாருங்க.”

எனக்குச் சிரிப்பு வந்தது. வாயின் ஒரு பக்கம் மட்டும்தான் சிரித்தது. அதைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு உடனே நிறுத்திக்கொண்டேன்.

நூருலை உங்களுக்கு ரொம்பப் பிடிக்கும். என் மகளாக இருக்கக்கூடிய வயதுதான் அந்தப் பிசியோவுக்கு. மலாய்ப் பெண், குரல் மட்டும் பட்டாளத்துக்காரனுடையது. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்துத் தடவை எழுந்து உட்கார வேண்டும். மேசையில் துண்டை விரித்து, அதன்மேல் கையை வைத்து முன்னும் பின்னும் தள்ள வேண்டும். துணிக் கிளிப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து பேசினின் விளிம்பில் மாட்ட வேண்டும். உங்களுக்கு ஒரு கிளிப் மாட்ட ஒரு பாட்டு முடிந்துவிடும். “கிளிப்பு மாட்டவா ஸ்ட்ரோக்கு வந்து பொழச்சேன்? எனக்குக் குவாலிய தூக்கணும் மிஸ்,” என்பீர்கள். பள்ளிக்கூடக் கேண்டினில் பதினான்கு வருடம் மீ நூடுல்ஸ் பிரட்டிய கை அது. இருநூறு பிள்ளைகளுக்கு ஒரே குவாலி, அகன்ற இரும்பு வாணலி. நான் அதை நூருலுக்கு மலாயில் சொல்லி வைப்பேன். அவள், “போலே, ஆன்ட்டி, போலே,” என்பாள். முடியும், முடியும் என்று.

மூன்றாவது வாரம் நடந்ததை நான் இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. நீங்களும் சொல்லியிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கி, இடுப்பை மேலே தூக்கி அப்படியே நிறுத்தும் பயிற்சி. “அங்காட்... தாஹான், தாஹான்...” என்று நூருல் எண்ணிக்கொண்டிருந்தாள். தூக்கு, தாங்கு, தாங்கு. ஐந்து எண்ணும்போது என் கட்டுப்பாடு போய்விட்டது. சூடாக நனைந்தது. அறையில் ஆண்கள் இரண்டு பேர் இருந்தார்கள், எதிரே கண்ணாடி வேறு. நான் கண்களை மூடிக்கொண்டேன். எல்லோரும் பார்க்கப் போகும் அந்த நொடிக்காகக் காத்திருந்தேன்.

அதற்குள் என் இடுப்பின்மேல் சில்லென்று தண்ணீர் கொட்டியது.

“ஐயோ, இந்தப் பாழாப்போன கை! மேடத்த முழுக்க நனச்சிருச்சே! சோரி மிஸ், சோரி, சோரி!”

உங்கள் போத்தல் என் மெத்தையில் கவிழ்ந்து கிடந்தது. அந்தக் கையால் அப்போது போத்தலைப் பிடிக்கவே முடியாது என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் எல்லோரும் நம்பினார்கள். உங்கள் வலது கையை இடது கையால் அடித்து அடித்துத் திட்டினீர்கள். நூருல் துடைப்பான் எடுக்க ஓடினாள். நாம் இரண்டு பேரும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து நொண்டிக்கொண்டே குளியலறைக்குப் போனோம். உங்கள் பையிலிருந்த கைலியைக் கொடுத்தீர்கள். நான் அழுதுகொண்டிருந்தேன். கதவுக்கு வெளியே நின்றபடி, “ஒண்ணும் நடக்கல. தண்ணி கொட்டுச்சு, அவ்வளவுதான்,” என்றீர்கள்.

அடுத்த செவ்வாய் முதல் நான் உங்களுக்கு மேடம் இல்லை, கிராணியம்மா. உங்கள் தோட்டத்தில் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி வீட்டுப் பெண்கள் என்னைப்போலத்தான் மூக்கை உயர்த்திப் பேசுவார்களாம். அறை முழுக்கக் கேட்கும்படி கூப்பிடுவீர்கள். நான் கோபித்துக்கொள்வதுபோல் நடிப்பேன். கணவர் போன பிறகு யாரும் என்னை அப்படிக் கேலி செய்ததில்லை. பக்கவாதம் வந்த பிறகு வீட்டில் எல்லோரும் என்னிடம் மெதுவாகவும் அன்பாகவும் பேசத் தொடங்கிவிட்டார்கள். அந்த மெதுவும் அன்பும் என்னைக் கொன்றுகொண்டிருந்தன. திங்கட்கிழமையே நான் செவ்வாய்க்கு உடுப்பு எடுத்து வைப்பேன்.

தீபாவளிக்கு முந்தைய வாரம். பயிற்சி முடிந்து கடைவீட்டு வாசலில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். உங்கள் மகள் புவனா உங்களை அழைத்துப் போக வர வேண்டும், எனக்கு வாடகைக் கார் வர வேண்டும். பிளாஸ்டிக் பையில் கட்டிய பாலில்லாத தே ஓ தேநீரை உறிஞ்சிக்கொண்டே சொன்னீர்கள்.

“ஒரு விசயம் சொல்றேன் கிராணியம்மா. யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாது.”

“சொல்லுங்கக்கா.”

“சிம்பாங் பூலாய்ல ஒருத்தரு எண்ண போட்டு உருவி விடுறாரு. பக்கத்து வீட்டுக்காரங்க கார்ல கூட்டிட்டுப் போறாங்க. அஞ்சு வாரமாச்சு. ஆஸ்பத்திரி மருந்து ஒடம்புல இருந்தா எண்ண வேல செய்யாதாம். அதான் மாத்திரைய எல்லாம் நிறுத்திட்டேன்.”

“எல்லாத்தையுமா?”

“எல்லாத்தையுந்தான். பிரஷர் மாத்திர, ரத்தம் கட்டாம இருக்குறது, எல்லாம். தல சுத்தல் கூட நின்னு போச்சு. இங்க பாருங்க.” வலது கையை என் முகத்துக்கு நேரே நீட்டினீர்கள். சுருண்டு கிடந்த விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன, மெதுவாக, ஆனால் முழுதாக.

“புவனாவுக்குத் தெரியுமா?”

“அதுக்குத் தெரிஞ்சா வீட்ட ரெண்டாக்கிரும். காலையில எடுத்து வச்சிட்டு வேலைக்குப் போவும். சாப்ட்டேன்னு சொல்லிருவேன்.”

“இது தப்புக்கா. நூருல்கிட்டயாவது...”

“சொன்னீங்கன்னா நான் இங்க வர மாட்டேன்லா. சத்தியமா வர மாட்டேன்.”

இரண்டாவது தடவையும் தப்பு என்றேன். அதற்குள் கார் வந்துவிட்டது. ஏறிக்கொண்டேன்.

ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று என்னையே பல தடவை கேட்டிருக்கிறேன். நீங்கள் கொட்டிய தண்ணீர் ஒரு காரணம் என்றுதான் முதலில் சொல்லிக்கொண்டேன். என் மானத்தை மூடி வைத்தவரின் ரகசியத்தை நான் எப்படித் திறப்பது? அது உண்மைதான், ஆனால் அதில் ஓர் அழகு இருக்கிறது. அதனால் அதை நான் முழுதாக நம்பவில்லை. நீங்கள் வராமல் போனால் பக்கத்து மெத்தையில் யார் இருப்பார்கள் என்ற பயமும் இருந்தது. அதற்கும் கீழே இன்னொன்று இருந்தது. உங்கள் விரல்கள் விரிந்தன, என்னுடையவை விரியவில்லை. ஒருவேளை அந்த எண்ணெய்க்காரர் சொல்வது சரிதானோ என்று எனக்கே தோன்றியது. அடுத்த வியாழக்கிழமை உங்களிடம் அவருடைய முகவரியைக் கேட்டேன், நினைவிருக்கிறதா? ஒரு துண்டுத் தாளில் இடது கையால் கோணல்மாணலாக எழுதிக் கொடுத்தீர்கள். அதை நான் கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன். போகவில்லை. புத்தி வந்து போகாமல் இருந்தேன் என்று நினைக்காதீர்கள். பயந்துதான் போகவில்லை. உங்கள் ரகசியத்தைக் காத்த அத்தனை நாளும் என்னுடைய மாத்திரையை நான் ஒரு வேளைகூடத் தவறவிடவில்லை. தினமும் காலையில் மூன்றையும் உள்ளங்கையில் கொட்டும்போது உங்கள் நினைவு வரும். விழுங்கிவிட்டுத் தண்ணீர் குடிப்பேன்.

பொங்கல் முடிந்து நூருல் தன் வீட்டிலிருந்து ஒரு சின்னக் குவாலியைக் கொண்டுவந்தாள். அதில் பச்சைப் பயறைக் கொட்டி உங்கள் முன்னால் வைத்து, “அங்காட், ஆன்ட்டி,” என்றாள். நீங்கள் வலது கையால் அதன் காதைப் பிடித்தீர்கள். கை நடுங்கியது. அறையில் எல்லோரும் தங்கள் பயிற்சியை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். தூக்கினீர்கள். தூக்கியது மட்டுமா, கேண்டினில் மீ பிரட்டுவதுபோல ஒரு சுண்டு சுண்டினீர்கள். பாதிப் பயறு தரையில் சிதறியது. கைதட்ட முடிந்தவர்கள் கைதட்டினார்கள், நான் தொடையில் தட்டினேன். நூருலின் கண்கள் நிறைந்துவிட்டன. வீட்டிலும் விடாமல் செய்ததால்தான் இது, எட்டு மாத உழைப்பு, என்று எங்கள் எல்லோருக்கும் மலாயில் சொன்னாள். நீங்கள் என்னைப் பார்த்து ஒற்றைக் கண்ணைச் சிமிட்டினீர்கள். சிம்பாங் பூலாய்க்காரருக்குத்தான் அந்தப் பெருமை என்று அர்த்தம்.

அந்த நேரத்தில் நூருல் என்னிடமிருந்து இரண்டு எட்டு தூரத்தில் குனிந்து பயறு பொறுக்கிக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை போதும். இத்தனை சந்தோஷத்தை எப்படிக் கெடுப்பது என்று இருந்துவிட்டேன். அடுத்த வாரம் சொல்லலாம் என்று நினைத்தேன். அடுத்த வாரம் நீங்கள் கேண்டின்காரரிடம் திரும்ப வேலைக்கு வருவதாகப் பேசிவிட்டு வந்து நின்றீர்கள். அன்றும் நான் சொல்லவில்லை.

அதற்கடுத்த செவ்வாய் உங்கள் மெத்தை காலியாக இருந்தது. பத்து மணிக்குப் புவனா போன் செய்தாள். காலையில் சமையலறையில் விழுந்து கிடந்தீர்களாம். நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது உங்களுக்கு மூச்சுக் குழாய் போட்டிருந்தார்கள். நடைவழியில் ஒரு டாக்டர் புவனாவிடம் கேட்டுக்கொண்டிருந்தார். நான் அவள் பக்கத்தில் கைத்தடியை ஊன்றி நின்றேன்.

“மாத்திரையெல்லாம் ஒழுங்கா சாப்ட்டாங்களா? பிரஷர் மாத்திரை விட்டாங்களா?”

“இல்ல டாக்டர். ஒரு நாள் கூட விடல. நான்தானே டெய்லி எடுத்துக் குடுக்குறேன்.”

அவள் குரலில் அப்படி ஒரு உறுதி. டாக்டர் அதை எழுதிக்கொண்டார். கேள்வி என்னிடம் கேட்கப்படவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தத் தகவல் அன்று உங்களுக்கு உதவியிருக்குமா என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை, ஏனென்றால் நான் வாயைத் திறக்கவில்லை. அக்கா, பெஞ்சில் உட்கார்ந்து நீங்கள் கேட்டுக்கொண்ட மௌனத்துக்காவது ஒரு காரணம் சொல்லலாம். இந்த இரண்டாவது மௌனத்தை நீங்கள் என்னிடம் கேட்கவே இல்லை. இது முழுக்க என்னுடையது. மூன்றாம் நாள் போய்விட்டீர்கள்.

பதினாறாம் நாள் காரியத்துக்குச் செமோருக்கு வந்தேன். வந்தவர்கள் சாப்பிட்டுப் போன பிறகு பின்கட்டில் புவனா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். சொல்லிவிடுவது என்று தீர்மானித்துத்தான் போயிருந்தேன். ஆனால் முதலில் பேசியது அவள்தான். கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் ஒரு பிஸ்கட் டின்னை எடுத்து வந்தாள்.

“ஆன்ட்டி, இது சாமி மேடைக்குப் பின்னால இருந்துச்சு. எனக்கு ஒண்ணுமே புரியல.”

திறந்தாள். வெள்ளை, ரோஸ், மஞ்சள். தூக்கிப் போட உங்களுக்கு மனம் வரவில்லைபோலிருக்கிறது, ஒன்று விடாமல் சேர்த்து வைத்திருக்கிறீர்கள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். எண்ணெய்க்காரரை, பெஞ்சை, ஆஸ்பத்திரியில் அவள் பக்கத்தில் நின்றதை. முகவரி வாங்கியதைக்கூட விடவில்லை. அவள் டின்னைப் பார்த்தபடியே கேட்டாள்.

“எப்ப சொன்னாங்க உங்ககிட்ட?”

“தீபாவளிக்கு முந்தின வாரம்.”

புவனா விரல்களை மடக்கினாள். மூன்று மடக்கி, நான்காவதில் நின்றாள். “அம்மாவோட நான் தெனமும் சண்ட போடுவேன் ஆன்ட்டி. நடங்கம்மா, கைய தூக்குங்கம்மான்னு. இதுக்கும் ஒரு சண்ட போட்டிருப்பேன்லா. எனக்கு அந்தச் சண்டய போடக்கூட விடலயே நீங்க ரெண்டு பேரும்.”

கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கத்தவில்லை. டின்னை மூடி, “சாப்ட்டுட்டுப் போங்க ஆன்ட்டி. பாயாசம் இருக்கு,” என்று சொல்லிவிட்டுப் பாத்திரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்தப் பாயாசத்தை நான் குடித்தேன். அதன் பிறகு அவள் என் போனை எடுப்பதில்லை. குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

நூருலிடமும் சொன்னேன். மருந்து சாப்பிட்டவர்களுக்கும் இரண்டாவது தடவை வருவதுண்டு, இதனால்தான் என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது என்றாள். ஆறுதலுக்காகத்தான் சொன்னாள். ஆனால் கிளம்பும்போது தன் கைகளைப் பார்த்துக்கொண்டு, அந்தக் குவாலியைத் தூக்க வைத்தது நான்தானே என்று மெல்லக் கேட்டாள். இல்லை, இல்லை என்று நான் பதறினேன். அவள் தலையில் ஏறிய அந்தப் பாரமும் நான் ஏற்றியதுதான். சொல்ல வேண்டிய நாளில் சொல்லியிருந்தால் அவளுக்கு அது வந்திருக்காது.

நான் இன்னும் போகிறேன். இடது கை இப்போது தோள் வரை உயர்கிறது. விரல்கள் பாதி விரிகின்றன. உங்களுடைய மெத்தையில் இரண்டு மாதத்துக்கு முன் ஒருவர் வந்து சேர்ந்தார். ஆயர் தாவாரில் செம்பனை லாரி ஓட்டியவர். பக்கவாதத்துக்குப் பிறகு ஈப்போவில் மகள் வீட்டில் இருக்கிறார். நல்ல மனிதர், வாய் ஓயாது. வந்த மூன்றாவது வாரம், நான் நாற்காலியில் எழுந்து உட்கார்ந்து கொண்டிருக்கையில், பக்கத்தில் சாய்ந்து சிரித்துக்கொண்டே சொன்னார்.

“அந்த மாத்திர போட்டா ஒரே அசதியா இருக்குக்கா. ரெண்டு வாரமா வுட்டுட்டேன். மிஸ்கிட்ட சொல்லிறாதீங்க.”

நான் பாதி எழுந்திருந்தேன். “நூருல்!” என்று கத்தினேன். என்னிடம் அப்படி ஒரு குரல் இருப்பது எனக்கே தெரியாது. கம்பியைப் பிடித்து நடந்துகொண்டிருந்தவர் நின்றுவிட்டார். எல்லோர் முன்னாலும், மலாயில், அவர் சொன்னதை அப்படியே சொன்னேன். அந்த மனிதரின் முகம் கறுத்தது.

“ஏன்க்கா இப்படி? ஒங்கள நம்பித்தானே சொன்னேன். ஒங்களுக்கு என்ன வந்துச்சு?”

என்ன வந்தது என்று அவரிடம் நான் விளக்கவில்லை. நூருல் அங்கேயே நின்று அவர் மகளுக்குப் போன் போட்டாள். டாக்டர் வேறு மாத்திரை மாற்றிக் கொடுத்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். அவர் மெத்தையை எதிர்ச் சுவருக்கு மாற்றிக்கொண்டார். மற்றவர்களும் என் முன்னால் யோசித்துத்தான் பேசுகிறார்கள். நான் பெஞ்சில் வந்து உட்கார்ந்தால் பேச்சு தடம் மாறும். உங்களுக்குச் செய்யத் தவறியதை இன்னொருவருக்குச் செய்து தீர்த்துவிட்டேன் என்று எனக்குத் தோன்றவில்லை. அது தீரவில்லை, தீரும் என்றும் நான் நினைக்கவில்லை. ஆனால் செவ்வாய்க்கிழமை கதவைத் தள்ளி உள்ளே நுழைந்ததும் என் கண் முதலில் அந்த எதிர்ச் சுவருக்குத்தான் போகிறது.

இந்த வாரமும் வந்திருந்தார். என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.